கழுத்துவரை நீலம்

மார்ச் 4

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் திருப்பி அனுப்பிவிடாதே. போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் மட்டும் படி. அப்புறம் உன் இஷ்டம்.

நம் தகரம் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் விழுந்துவிட்டாள். டிவியில் பார்த்திருப்பாய். டிவியில் காட்டாததைச் சொல்கிறேன்.

நான் தைத்த நீல அங்கியில்தான் பாடினாள். கழுத்துவரை மூடிய காலர், தரையைத் தொடும் அடிவிளிம்பு. நான் மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். மூன்றாவது பாட்டில் காலருக்குள் விரலை விட்டாள். "ஐயோ, அளவில் தப்பு பண்ணிவிட்டேனே, நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் கிழித்துவிடுவார்களே" என்றுதான் என் மனசு ஓடியது. என் கவலை அவ்வளவுதான் அக்கா. அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், நான் காலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சொல்லின் நடுவில் குரல் நின்றது. பிசிறவில்லை, கம்மவில்லை. கத்தரியால் வெட்டினதுபோல் நின்றது. அதுவும் சங்கீதம் என்று நினைத்து அரங்கம் எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். உதடும் கண்ணும் வீங்கி, நாற்பது வருஷமாய்ப் பார்த்த முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

என் கத்தரியை வாங்கித்தான் டாக்டர் காலரை வெட்டினார். உள்ளே தோலெல்லாம் நீலம், நீலத்தின் மேல் கொப்புளம். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். பாட்டுக்காரியின் தொண்டையில் ஓட்டை!

"டிரஸ்ல என்ன இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். "துணியும் நூலும்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தோல் வழியாக உடம்புக்குள் என்னென்ன போகும் என்பதுதானே உன் வாழ்நாள் வேலை. காலரில் ஒரு துண்டை இந்த உறையில் வைத்திருக்கிறேன். எனக்காக வேண்டாம். சின்ன வயதில் தகரக் குரல் என்று நாம் பட்டப்பேர் வைத்தும் அடுத்த வீட்டுச் சுவரேறிக் குதித்து வந்து நம் இரண்டு பேர் தட்டிலும் சாப்பிட்டவளுக்காகச் செய்.

இப்படிக்கு,
அந்த அட்டைப்படத்தில் உனக்கு இடப்பக்கம் நின்றவள்

•

மார்ச் 8

தங்கைக்கு,

துணி வந்தது. உறையைத் திருப்பி அனுப்பும் அளவுக்குக் கல்நெஞ்சக்காரி என்றா நினைத்தாய்? நினைத்திருப்பாய்.

அட்டைப்படத்தை நீ மறக்கவில்லை என்று தெரிகிறது. அறிவியலில் ஒருத்தி, இசையில் ஒருத்தி, உடையில் ஒருத்தி, மூவரும் ஒரே தெரு என்று பெரிதாகப் போட்டார்கள். நிருபர் உன்னைப் பற்றிக் கேட்டபோது "எங்கள் வீட்டில் மூளை ஒருத்திக்குத்தான் வந்தது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அச்சில் சிரிப்பு வராது என்று பிறகுதான் தெரிந்தது. அதை இப்போது விடு. வேலையைப் பார்ப்போம்.

ஆய்வகச் சாப்பாட்டு அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. மேடைக்குள் நீ ஓடி வந்ததைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். பள்ளிக்கூட மணி அடித்தால்கூட ஓடாதவள் நீ.

நீ அனுப்பிய துண்டை, வியர்வைபோல் கலந்த உப்புநீரில் நனைத்து ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து வைத்தேன். வெள்ளைத் துணி நீலமாகிவிட்டது. நல்ல சாயம் இப்படி ஊர்விட்டு ஊர் போகாது. எனக்கு இன்னும் பெரிய துண்டு வேண்டும், உள்பக்கத் துணியும் வேண்டும். இந்தச் சாயம் எங்கே வாங்கியது என்று விசாரி. தகரம் தலைக்குச் சாயம் போடுகிறாளா என்றும் கேள். இந்த வயதிலும் அவளுக்கு ஒரு நரைகூட இல்லை என்று ஊர் நம்பலாம், நான் நம்பவில்லை.

சாப்பிடு. நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா

•

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

அவள் பிழைத்துவிட்டாள். பேச முடியாது. சிலேட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கண் விழித்ததும் அதில் முதலில் என்ன எழுதினாள் தெரியுமா? "கடைசி வரியைப் பாடி முடிச்சேனா?"

"முடிச்சிட்டேடி, எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

தலைச்சாயம் உண்மைதான். அவள் வீட்டு வேலைக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அம்மாவுக்கு உயிரைவிட முடிதான் பெரிசு" என்றார்.

நீலச் சாயம் பற்றி இவரிடம் கேட்டேன். கொள்முதல் எல்லாம் இவர் பொறுப்புதானே. "எப்பவும் வாங்குற இடம்தான். நீ எதுக்கு இதையெல்லாம் தலைல போட்டுக்கற?" என்றார். கேட்டதும் மூச்சு வந்தது. அந்தப் பழைய சாயத்தில் இத்தனை வருஷமாக ஒரு குறையும் இல்லையே. அங்கியில் பாதியை உள்பக்கத் துணியோடு வெட்டி அனுப்பியிருக்கிறேன். நான் தைத்ததிலேயே அழகான உடை இதுதான்.

உன் தங்கை

•

மார்ச் 20

தங்கைக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் துணியில் இருக்கும் சாயம் மனிதத் தோலுக்கு ஆகாது. ஆகாது என்று பல காலம் முன்பே விலக்கி வைத்த வகை. விலை மலிவு, பார்வைக்குப் பளபளப்பு, வியர்வை பட்டால் கரைந்து இறங்கிவிடும். தலைச்சாயத்தில் இருப்பது இதற்குப் பங்காளி முறை. வருஷக்கணக்காக அதைப் பூசிப் பூசி அவள் உடம்பு கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. உன் துணி போய்க் கதவைத் தட்டியது. மேடை விளக்கின் சூட்டில் மூன்று பாட்டுக்குள் கழுத்து முழுக்க இறங்கிவிட்டது.

இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்க உன் பழைய துணிகளையும் சோதித்தேன். ஒரு சால்வை, இரண்டு மேல்சட்டை, எல்லாமே உன் கடை நீலம். அவற்றில் இந்தச் சாயத்தின் வாடைகூட இல்லை. சாயம் சமீபத்தில்தான் மாறியிருக்கிறது. "எப்பவும் வாங்குற இடம்" என்று உன் வீட்டுக்காரர் சொன்னது பொய்.

அந்தத் துணிகள் எப்படி என்னிடம் வந்தன என்றா கேட்கிறாய்? ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண்ணை அனுப்பி வருஷா வருஷம் வாங்குவேன். வாயைப் பிளக்காதே. குளிருக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா

•

மார்ச் 26

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தில் எந்த வரிக்கு முதலில் அதிர்ச்சியடைவது என்று தெரியாமல் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் முன்னால் கடிதத்தை வைத்தேன். மறுக்கவே இல்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது.

"நீலம்னா நீலம்தானே? உனக்கே வித்தியாசம் தெரியலையே? நாலு மாசமா அதைத்தானே தொட்டுத் தொட்டு ரசிச்சே?" என்றார்.

உண்மை. எனக்குத் தெரியவில்லை. முந்தையதைவிட ஆழமான நீலம் என்று நானே பேட்டியில் பெருமையடித்தேன்.

பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "உங்க அக்காகிட்ட ஒரு அறிக்கை வாங்கு. தலைச்சாயத்தால உடம்பு கெட்டிருந்துச்சுன்னு எழுதட்டும். அது பொய்யில்லையே? அவங்க பேருக்கு உலகமே தலையாட்டும். நம்ம கம்பெனி தப்பிச்சிடும்."

அக்கா, நான் சுற்றி வளைக்கவில்லை. தையற்கூடத்தில் இருக்கும் பெண்களின் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் வருகிறது. கதவை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்? அந்தப் பாதியை மட்டும் எழுதித் தருவாயா? மீதியை நான் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறேன். இனி அந்தச் சாயம் என் வாசல்படி ஏறாது. சத்தியம்.

உன் தங்கை

•

மார்ச் 30

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பாதியை எழுதமாட்டேன். தலைச்சாயம் போடுகிற பெண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் உன் நீலத்தை உடுத்தியிருக்கிறார்கள்? கேட்டாயா? வழக்கம்போல் கோபித்துக்கொள். இன்னும் சில வருஷம் பேசாமல் இரு. எனக்குப் பழகிவிட்டது.

ஒன்று மட்டும் செய். தகரம் அந்தத் துணியை ஒரு மாலைதான் உடுத்தினாள். அதை நாள் முழுக்கச் சாயத்தில் முக்கி எடுக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள்? சாயப்பட்டறைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னிடம் பாதி கேள்.

அக்கா

•

ஏப்ரல் 11

அக்கா,

போனேன்.

இத்தனை வருஷத் தொழிலில் ஒரு சாயப்பட்டறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. தகரக் கூரை, ஆவி, தொட்டிக்குத் தொட்டி பெண்கள். ஒருத்தி என்னை அட்டைப்படத்தில் பார்த்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்து, "மேடம், ஒரு தடவை கை குடுக்கலாமா?" என்று நீட்டினாள். நீட்டிய வேகத்தில் தன் கையைத் தானே பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேணாம் மேடம், ஒட்டிக்கும்."

நான் வலிய இழுத்துப் பார்த்தேன். முழங்கைவரை தோல், வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல் உரிந்துகொண்டிருந்தது. இரண்டு விரலில் நகமே இல்லை. "சோப்பு ஒத்துக்கலைன்னு சொன்னாங்க மேடம். போன குளிர்காலத்துல இருந்துதான்" என்றாள். சுவரோரம் ஒரு பெண் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். தகரத்தின் மூச்சும் மேடையில் இப்படித்தான் இழுத்தது. அங்கே டாக்டர் ஓடி வந்தார். இங்கே "கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்" என்றார்கள்.

காருக்குள் வந்து கத்தி அழுதேன். டிரைவர் பயந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

எல்லாக் கடையிலிருந்தும் நீலத் துணிகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு இரண்டு பாதியையும் சொன்னேன். தலைச்சாயத்தைச் சொல்ல தகரம் அனுமதி தந்தாள். "என் நரை ரகசியமும் போச்சா! நாசமாப் போ" என்று சிலேட்டில் எழுதிவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பைத்தியமா உனக்கு? உன் வீட்டுக்கு நீயே கொள்ளி வைக்கிறே" என்றார் இவர். இப்போது தன் தம்பி வீட்டில் இருக்கிறார். போகும்போது இஸ்திரி போட்ட சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர், இஸ்திரி போட்டதாகப் பார்த்து எடுத்ததைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் கோபம் இல்லை. இருக்கும் என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

உன் தங்கை

•

நவம்பர் 19

என் தங்கச்சிக்கு,

நீதிமன்றத்திலிருந்து ஒரு சம்மன் வந்திருக்கிறது. மூன்று தடவை படித்தும் நம்ப முடியவில்லை. தகரம் உன்மேல் வழக்குப் போட்டிருக்கிறாள்! நம் தகரமா? நம் தட்டில் சாப்பிட்டவளா? நீ போய் எல்லாவற்றையும் உலகறியச் சொன்ன பிறகும், உன் கடைகளில் பாதி மூடிய பிறகும், இன்னும் என்ன வேண்டுமாம் அவளுக்கு?

அதைவிடக் கொடுமை, முதல் சாட்சி நான். உனக்கு எதிராக. கூண்டில் ஏறி என் தங்கை விற்ற துணியில் விஷம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டும்.

பாதி எழுதமாட்டேன் என்று உனக்கு உபதேசம் செய்தவள்தான். காகிதத்தில் எழுதுவது வேறு. உன்னைப் பார்த்துக்கொண்டு சொல்வது வேறு. என்னால் முடியாது. எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். உடம்பு சரியில்லை, பயணம் கூடாது என்று சான்றிதழ் தருவார். நான் வராவிட்டால் என் சோதனை அறிக்கையை மட்டும் எதிர்த்து உன் வக்கீல் ஏதாவது வாதாடிக்கொள்வார். சரி என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

எனக்கு நீ இருந்தால் போதும்.

உன் அக்கா

•

நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

நீ இப்படி எழுதுவாய் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

தகரத்தைத் திட்டாதே. வழக்குப் போடச் சொன்னது நான்தான்.

முதலில் பட்டறைப் பெண்கள்தான் போட்டார்கள். வாய்தா, மறுபடி வாய்தா. அவர்கள் பேர் யாருக்குத் தெரியும்? அவர்கள் கம்பெனி ஆள்களே இல்லை என்று இவர் வைத்த வக்கீல் வாதாடினார். கம்பெனியில் பாதி இன்னும் இவர் கையில்தான் இருக்கிறது. நானாக நஷ்டஈடு கொடுக்க நினைத்தாலும் இவர் கையெழுத்தில்லாமல் முடியாது. தீர்ப்பு வந்தால்தான் முடியும்.

தகரத்திடம் போனேன். குழாயை எடுத்துவிட்டார்கள். பேசுகிறாள், மரம் அறுப்பதுபோல். மேல் சுரங்கள் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். "உன் பேரைப் போட்டுக் கேஸ் குடு. அந்தப் பொண்ணுங்க பேரையும் உன் பேருக்குக் கீழ எழுது. அப்பத்தான் கோர்ட்டு தலை நிமிர்ந்து பாக்கும்" என்றேன்.

"கூடப் பிறக்காத குறையா வளர்ந்துட்டு, உன்மேல நான் கேஸ் போடறதா? வெளியே போடி!" என்று தலையணையை எறிந்தாள். தினமும் போனேன். கடைசியில், கை கொடுக்க வந்த அந்தப் பட்டறைப் பெண்ணின் கையைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "பேனாவைக் குடு" என்றாள்.

அதனால் சான்றிதழ் வாங்காதே. வா. எதையும் விடாமல் சொல். நாலு மாதம் நான் அந்தத் துணியைத் தொட்டுத் தொட்டு ரசித்தும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதையும் சொல். பாதியை மட்டும் எழுதித் தரும்படி உன்னிடம் கெஞ்சினேனா என்று கேட்டால், அதையும் சொல். நீ என் அக்காவா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல மறந்துவிடாதே.

சாட்சி சொல்கிறவர் எதிர்த்தரப்பு வீட்டில் தங்கக் கூடாதாம். முதல் நாள் எங்காவது விடுதியில் இரு. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பேசும்போது என் பக்கம் திரும்பாதே, உனக்குக் குரல் தடுமாறும். நீதிபதியைப் பார்த்துச் சொல். முழுவதும் சொல்லி முடித்த பிறகு என்னைப் பார்.

உன் தங்கை