ஒரு சப்பாத்து நீளம்

உன் அளவுநாடா இப்போது என்னிடம் இருக்கிறது. வேலைப் பெட்டியை ஒதுக்கும்போது கண்டெடுத்ததாகச் சொல்லி உன் மனைவி போன கிழமை கொண்டுவந்து தந்தார். முப்பது மீற்றர் நாடா. தரை ஒட்டும் பசையின் மணம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்ததும், நீ வேலை முடிந்து உடுப்பு மாற்றாமல் நேரே மைதானத்துக்கு வந்து நிற்பது போல இருந்தது.

மெதுவாக இழுத்துப் பார்த்தேன். இருபது மீற்றர் பன்னிரண்டு சென்ரிமீற்றரில் ஒரு சிவப்புக் கோடு. அது உன் மனைவியின் நகப்பூச்சு. அதற்குக் கொஞ்சம் முன்னால், பத்தொன்பது மீற்றர் எண்பதில், மங்கிய பென்சில் கோடு ஒன்று. இரண்டுக்கும் இடையில் முப்பத்திரண்டு சென்ரிமீற்றர். அந்த இடைவெளியைப் பற்றி உனக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்று தோன்றியது. அதை எழுதுவதென்றால் பிலாலைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஒஸ்லோவில் ரொம்மன் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருந்த சரளைக்கல் மைதானத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வாரநாளில் காற்பந்து, சனிக்கிழமைகளில் நாங்கள். பச்சை விரிப்பை எட்டுப்பேர் தோளில் சுமந்து வந்து, விரித்து, நீண்ட ஆணிகளால் அறைந்தால்தான் அங்கே கிரிக்கெட். அணியில் பாதி யாழ்ப்பாணத்தார், பாதி பாகிஸ்தான்காரர். சண்டை பிடிப்பது நோர்வேஜிய மொழியில். ஆட்டமிழந்தவர் மட்டும் தாய்மொழியில் பேசிக்கொண்டு வருவார். முப்பத்தெட்டு வயதில் நீ விக்கெட் காப்பாளன். "தரை போடுறவனுக்குக் குந்தியிருக்கிறது ஒரு வேலையே?" என்பாய். நான் எல்லைக்கோட்டில் குறிப்புப் புத்தகத்தோடு நின்றேன். ஊரில் பத்திரிகையில் இருந்த காலத்துப் பழக்கம்.

இரண்டாயிரத்து மூன்று மே மாதத்தில் பிலால் வந்தான். பத்தொன்பது வயது, மின்வேலை பழகுகிறவன். நெடுவல். அவன் வீசிய முதல் பந்தைப் பிடித்துவிட்டு நீ கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"என்ன மச்சான்?" என்று கேட்டேன்.

"இவன் போடுறது பந்தோ கருங்கல்லோ? அடுத்த கிழமைக்கு வேறை ஆளைப் பாருங்கோ, நான் பெண்டாட்டி பிள்ளைக்காரன்."

அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முதல் வந்து விரிப்பின் மேல் குந்தியிருந்தவன் நீ.

அவனுடைய கதையை மூன்று தடவை இருந்து கேட்டு எழுதினேன். பாகிஸ்தானின் பஞ்சாப்பில், கரியானுக்குப் பக்கத்துக் கிராமம். செங்கல் சூளையின் ஓரத்தில் காய்ந்து இறுகிய நிலம். ரெனிஸ் பந்தில் மின்கம்பி ஒட்டும் நாடாவைச் சுற்றி, தன்னைவிடப் பெரியவர்களுக்கு வீசியிருக்கிறான். பதினொரு வயதில் தாயோடு ரொம்மனுக்கு வந்தான். தகப்பன் இங்கே டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். வந்து இறங்கியது நவம்பரில். மைதானம் எங்கே என்று கேட்டதற்குத் தகப்பன் பனியைக் காட்டினாராம்.

அவன் கண்டுபிடித்த மைதானம், வீட்டுக்குக் கீழே நிலத்தடிக் கார் தரிப்பிடம். என்னை ஒருநாள் அங்கே கூட்டிப்போனான். நான் கையை உயர்த்தினேன். விரல் நுனி சீமெந்தைத் தொட்டது. அவனோ என்னைவிட ஒரு தலை உயரம். கையைக் காதுக்கு மேலாகக் கொண்டுவந்தால் விரல்முட்டி உடையும். அதனால் தோளின் பக்கமாகச் சுழற்றிப் பழகியிருந்தான். பந்து தாழ்வாகப் பறந்து துடுப்பாட்டக்காரரின் பாதத்தடியில் போய் விழும். இந்தப் பாணியைச் சொல்லித் தந்தது யார் என்று அவனைக் கேட்டேன்.

"கூரை," என்றான்.

அந்தத் தரிப்பிடத்தின் இரும்புக் கதவு பந்து பட்டுப் பட்டு நெளிந்திருந்தது. கட்டடம் பார்க்கிற நோர்வேக்காரர் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒன்றும் சொல்லாமல் அதற்கு வண்ணம் பூசுவாராம். இதையும் எழுதினேன்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் எங்கள் ஆட்டமெல்லாம் அந்த ஒரே சரளைக்கல் மைதானத்தில் அமைந்தன. கிழமைக்குக் கிழமை அவன் விக்கெட்டுகளைச் சரித்தான். பாதத்தடியில் விழும் அந்தப் பந்துக்கு ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. இங்கே வெளிவரும் தமிழ் ஏட்டில் நான் எழுதியதை நோர்வேஜிய மொழியில் மாற்றி உள்ளூர்ப் பத்திரிகைக்கும் கொடுத்தேன். 'ஒஸ்லோவில் இவன் பந்துக்கு நின்று பிடிப்பவர் யாருமில்லை' என்று அதில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு, நோர்வே அணிக்கு ஆள் தெரிவு செய்கிறவர்களில் ஒருவர் தொலைபேசி எடுத்தார். வருகிற சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். பிலால் காத்திருந்தது அந்த ஒரு நாளுக்குத்தான்.

வியாழன் பின்னேரம் நீ என்னைக் கூப்பிட்டாய். "உடனை வா. ஒரு பிழை நடந்து போச்சு."

நான் வந்தபோது நீ விரிப்பில் குந்தியிருந்தாய். பக்கத்தில், சனிக்கிழமைக்குக் கோடுகளைப் புதுப்பிக்க வெள்ளை வண்ண வாளி. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து அணியில் சேர்ந்திருந்த இளம் பொறியாளர் கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆடுகளத்தின் நீளம் இருபத்திரண்டு கெஜம். வசந்தத்தில் கோடுகள் அழிந்திருந்ததால் நீதான் அளந்து புதிதாகப் போட்டாய். உன் நாடாவில் இருப்பது மீற்றர். அதனால் கெஜத்தைச் சென்ரிமீற்றர் ஆக்கினாய்.

"அண்ணா, ஒரு கெஜத்துக்கு எவ்வளவு போட்டீங்க?"

"தொண்ணூறு."

"தொண்ணூத்தி ஒண்ணு புள்ளி நாலு நாலுங்கண்ணா."

"எங்கடை ஊர்த் துணிக்கடையிலை தொண்ணூறுதான்."

"துணிக்குச் சரிங்கண்ணா. இது கிரிக்கெட்டுங்களே."

நீ சிரிக்கவில்லை. "மச்சான், நான் ஒஸ்லோ முழுக்க ஆக்களின்ரை வீட்டுக்குத் தரை போட்டனான். ஒரு மில்லிமீற்றர் பிழைச்சதில்லை. இஞ்சை ஒரு அடியை விட்டிட்டன்."

ஒரு அடிதானே என்று நினைக்கலாம். ஆனால் பிலாலின் உயிரே அந்த அடியில்தான் இருந்தது. களம் சரியான நீளத்தில் இருந்திருந்தால், பாதத்தடியில் விழுந்த பந்து ஒரு அடி முன்னாலேயே விழுந்து, துடுப்புக்கு வாகாக எழும்பியிருக்கும். அப்படி விழுகிற பந்தை எங்கள் பத்தாவது ஆட்டக்காரனும் அடிப்பான்.

அன்று நான் சொன்னதை நீ பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன். "சனிக்கிழமை முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை மாத்துவம். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றேன். முப்பது வருடமாகச் செய்தி எழுதியவன் சொன்ன வார்த்தை அது.

நீ நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்: "அளக்க முந்தித் தெரியாது எண்டால் அது பிழை. அளந்தாப் பிறகும் தெரியாது எண்டால் அது களவு. ஆனா இதை முடிவெடுக்க நீயும் ஆரு, நானும் ஆரு? அவனைக் கேப்பம்."

பிலால் வேலை உடுப்போடு வந்தான். நீ எல்லாவற்றையும் சொன்னாய். பிழை உன்னுடையது என்பதை இரண்டு தடவை சொன்னாய். அவன் கேட்டது ஒரு கேள்விதான்: "எவ்வளவு குறைவு?" நாடாவில் இரண்டு அளவையும் காட்டினாய். அவன் குனிந்து, தன் பெரிய வேலைச் சப்பாத்தைக் கழற்றி இடையில் வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"ஒரு சப்பாத்து," என்றான். சப்பாத்தை எடுத்து மறுபடி மாட்டினான். பிறகு, "வெளிநாட்டுக்கு ஆடப் போனால் அங்கேயும் இந்த விரிப்பையா கொண்டுபோவேன்? இப்போதே மாற்றுங்கள்," என்றான்.

அன்றைக்கே மாற்றினோம். பழைய கோட்டைப் பச்சை வண்ணத்தால் மறைத்தது நான். வெள்ளி முழுக்க மழை. அவன் பழக முடியவில்லை. கார் தரிப்பிடத்தில் அவ்வளவு நீளமும் இல்லை.

சனிக்கிழமை ஆள் தெரிவு செய்கிற அந்த மனிதர் மடக்குக் கதிரையோடும் கோப்பிக் குடுவையோடும் வந்து உட்கார்ந்தார். முதல் ஓவரில் மூன்று பந்து அடிபட்டுப் பேர்ச் மரங்களுக்குள் போயின. ஓவர் முடிய நீ அவனிடம் நடந்து போய்ச் சொன்னதை எனக்கு அன்று மாலை சொன்னாய்: "வேகம் அதேதான். என்ரை உள்ளங்கை பொய் சொல்லாது. ஒரு சப்பாத்து தள்ளிப் போடு." அவன் முயன்றான். சில பந்து விழுந்த இடம் சரி. சில தரையில் படாமலே நெஞ்சுக்கு வந்தன. ஐந்தாவது ஓவரில் ஒரு விக்கெட். அதற்குள் அந்த மனிதர் கதிரையை மடக்கிவிட்டார். என்னைக் கடந்து போகும்போது, "வேகம் இருக்கிறது, நீளம் இல்லை. நீங்கள் எழுதியது வேறு ஆள் போல," என்றார்.

அந்த வருடம் அவன் தெரிவாகவில்லை.

நீ விரிப்பில் உட்கார்ந்து காற்பட்டையை அவிழ்க்காமலே இருந்தாய். பிலால் வந்து தானே குனிந்து அவிழ்த்துவிட்டான். உன் முகத்தைப் பார்த்து, எங்கள் பையன்களிடம் பொறுக்கிய தமிழில், "பரவாயில்லை அண்ணை" என்றான். நான் எத்தனையோ வீரர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். தோற்ற நாளில் அடுத்தவனின் காற்பட்டையை அவிழ்த்தவன் அவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை திருத்தம் எழுத உட்கார்ந்தேன். நீ தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதினேன். "தரை போடுற ஒருத்தர் பிழையா அளந்தவர் எண்டு போடு. பெடியனிலை ஒரு சொல்லும் படக் கூடாது." நாலு வரி வந்தது. அதன் பிறகு கொஞ்சக் காலம் வேலையிடத்தில் உன்னைத் 'தொண்ணூறு' என்று கூப்பிட்டார்கள். நீயும் "ஓம், சொல்லுங்கோ" என்று திரும்பினாய்.

பனி கொட்டிய அடுத்த மாரி முழுக்க நீங்கள் இருவரும் அம்மருட்டில் ஒரு பள்ளி விளையாட்டு மண்டபத்தில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இடம் எடுத்தீர்கள். நீ முதலில் அளப்பாய், பிறகு குந்துவாய். அவன் வீசுவான். உன் இடது சின்னவிரல் வளைந்தது அங்கேதான். மே மாதம் அதே மனிதர் மறுபடி வந்தார். இந்த முறை கோப்பி ஆறும்வரை இருந்தார். என் திருத்தத்தைப் படித்திருந்தாரோ தெரியாது. நான் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் பிலால் நோர்வேக்காக ஐரோப்பாவின் இன்னொரு மூலையில் ஆடினான். ஆட்டத்துக்கு முன் உனக்குத்தான் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, சப்பாத்து வைத்து அளந்து பார்த்தேன். சரியாக இருக்கிறது." நீ அந்தச் செய்தியை எனக்குச் சொல்ல வீடு தேடி வந்தாய். விக்கெட் எடுத்தானா என்று கேட்டேன். "அதைக் கேக்க மறந்து போனன்" என்றாய்.

மூன்று கோடை அவன் நோர்வேக்கு ஆடினான். பிறகு முதுகு ஒத்துழைக்கவில்லை. இப்போது சொந்தமாக மின்வேலை செய்கிறான். சனிக்கிழமைகளில் பாதி வேகத்தில் எங்களுக்குப் போடுகிறான். போன மாரியில் தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றவனை உன் மனைவிதான் முன்னுக்குக் கூப்பிட்டார். உன் சவப்பெட்டியின் இடது முன்பக்கம் அவன் தோளில் இருந்தது.

நேற்றுப் பருவத்தின் முதல் சனிக்கிழமை. கோடு போட அவன் நாடா கேட்டான். நான் உன்னுடையதைக் கொடுத்தேன். பூச்சியப் பக்கத்தை நான் பிடித்தேன். அவன் மறுமுனைக்கு நடந்தான். சிவப்புக் கோட்டில் நின்று, "சரியோ?" என்று தமிழில் கத்தினான். இழுத்துப் பார்த்து, "ஓம், சரி" என்றேன்.

நாடா இனி என் பையில் குறிப்புப் புத்தகத்தோடுதான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சிவப்புக் கோட்டில் நகப்பூச்சைப் புதுப்பித்தேன். பிறகு பென்சிலைச் சீவி, பத்தொன்பது எண்பதில் இருந்த உன் பிழையையும் அழியாதபடி அழுத்தி வரைந்தேன்.