முட்டினாலும் நிற்காத வண்டி

ஆகஸ்ட் 7, 2017

நான் புரோகிராம் எழுதுகிற ரோபோ வண்டி இன்றும் நிற்கவில்லை. அதன் முன்பட்டையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. எதிலாவது முட்டினால், சிப் கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்த வேண்டும். இன்டரப்ட் என்பதே அதற்குத்தான். நிறுத்துகிறது — சில சமயம். மற்ற சமயம் ஹாலில் சோபாவைத் தள்ளிக்கொண்டே போகிறது. செங் வட்டாரத் தொழிற்சாலையில் ஆட்கள் நடக்கிற இடத்தில் இந்த ரோபோ ஓடப்போகிறதாம்!

மாதக் கடைசியில் வருகிற சுதந்திர தினம், மெர்டேக்காவுக்குள் சரியாகாவிட்டால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, ஆபீசுக்கு வந்துவிடு என்கிறார் முதலாளி கணேசமூர்த்தி. நான் போய்விட்டால் படுக்கையில் கிடக்கிற அப்பாவை யார் பார்ப்பது?

ஆகஸ்ட் 9

தேவதாஸ் வந்தான். அண்ணன் என்று பெயர். "உஜோங் பாசிர்ல நல்ல முதியோர் ஹோம் இருக்கு மதி. ஏன் தனியா கஷ்டப்பட்டு சுசாப்படுற?" அப்பா கேட்கும்படியே சொல்கிறான். ஸ்ட்ரோக் வந்தது கை காலில், காதில் இல்லை. நான் இருக்கிறவரை அப்பா காஜா பெராங் வீட்டை விட்டு எங்கேயும் போகமாட்டார் என்று கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 14

"மதி, தண்ணி." "மதி, ஃபேனைக் கொற." "மதி, வெளிய மழையா?" ஒரு வரி எழுதுவதற்குள் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. திரும்பி வந்தால் எதில் விட்டேன் என்றே தெரியவில்லை. இன்றைக்குப் பொறுமை போயே போச்சு. "கொஞ்ச நேரம் என்னைக் கூப்பிடாம இருங்களேம்பா! உயிர வாங்காதீங்க!"

சரிம்மா என்றார்.

ஆகஸ்ட் 18

அலுப்பு. ஆனால் வீடு அமைதி. அப்பா சமத்தாக இருக்கிறார், வேலை ஓடுகிறது.

ஆகஸ்ட் 22

பிடித்துவிட்டேன்! சக்கரத்தின் எண்ணிக்கையைப் படிக்கும்போது அது நடுவில் மாறிவிடக் கூடாது என்று இன்டரப்டை மூடுகிறேன், படித்ததும் திறக்கிறேன். ஆனால் வண்டி நின்றிருந்தால் அந்த ஃபங்ஷன், திறக்கிற வரிக்கு வராமலே, பாதியிலேயே ரிட்டர்ன் ஆகிவிடுகிறது. மூடினது மூடினதுதான். அப்புறம் எதில் முட்டினாலும் சிப்புக்குத் தெரியாது. ரிட்டர்னுக்கு மேலே திறக்கிற வரியைப் போட்டேன். ஒரே ஒரு வரி. இதற்கா இத்தனை பாடு!

நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. முதுகு விட்டுப்போச்சு.

ஆகஸ்ட் 23

காலையில் போர்வையை விலக்கினால் அப்பா முழுக்க நனைந்து கிடக்கிறார். தொடையில் தோல் உரிந்து ரத்தம். நேற்று மத்தியானத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார்.

"ஏம்பா கூப்பிடல?"

"நீதானம்மா கூப்பிடாதேன்னே."

கொஞ்ச நேரம் என்றுதானே சொன்னேன்... ஐயோ, அந்தக் கொஞ்ச நேரம் முடிந்தது என்று சொன்னேனா? இத்தனை நாளாகத் தண்ணீர்கூடக் கேட்கவில்லையே அந்த மனுஷன். அதைப் போய்ச் சமத்து என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 30

தொழிற்சாலையில் சோதனை. முட்டின ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றது. "வீட்டுலேருந்தே செய் லா மதி, இனிமே நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றார் கணேசமூர்த்தி. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கப்பா, எத்தனை தடவை வேணும்னாலும். தலையாட்டினார்.

கூப்பிடவில்லை. நானேதான் போய்ப் போய் எட்டிப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 4

தேவதாஸ் காரோடு வந்து நிற்கிறான். அப்பாவே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை, ஆத்திரம் எல்லாம் சேர்ந்து வந்தது. "என் மேல கோவமாப்பா?"

"உன் மேல என்னம்மா கோவம்? அந்த ஹோம்ல கட்டில்லயே மணி இருக்காம். அடிச்சா யாராச்சும் வருவாங்களாம்."

அவர் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன்.