ஒரு புரதம் கூடுதல்

என் கோபக்காரத் தங்கைக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. நான் நலம்தான். போன வாரம் மறதிக்கு ஏதாவது அறிகுறி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என் பேத்தி வயதிருக்கும் டாக்டரம்மா, "ஒரு புரதம் கொஞ்சம் கூடுதலா இருக்கும்மா. அதுக்காக மறதி வந்தே தீரும்னு இல்ல. நல்லா நடங்க, மனுஷங்களோட பேசுங்க" என்றாள்.

"எனக்குப் பேச வேண்டிய ஆள் ஒருத்திதான். அவ பதினோரு வருஷமா என்கூடப் பேசல" என்றேன்.

"யாரு மேல தப்பு?"

வாய் வரை வந்த வழக்கமான பதிலை விழுங்கிவிட்டேன். உண்மையை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். அம்மா படுக்கையில் இருந்தபோது தையல் மெஷினை உனக்குத்தான் கொடுக்கச் சொன்னாள். எனக்கு என்று நான் சொன்னது பச்சைப் பொய். செய்ததை மறந்துபோய் நல்லவளாகிவிட எனக்கு விருப்பமில்லை.

இதை எழுதியதும் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறது!

மெஷினுக்கு எண்ணெய் போட்டு, புது பெல்ட் மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் நானே கொண்டுவருகிறேன். வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டு, தெருவே கேட்கட்டும். திட்டி முடித்ததும் ஒரு பக்கம் பிடி, ரொம்பக் கனமடி.

உன் அக்கா