டிராக்டர் பார்க்கப் போகும்போது

என் வீட்டு முதலாளியம்மாவான என் பெண்டாட்டிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி குறைஞ்சுதா? அப்பா மாத்திரையை ஒழுங்காப் போடுறாரா?

நான் வந்து ஓட்டுறதுக்காக நீ பார்த்து வெச்சிருக்கிற பழைய லோடர் டிராக்டரை, சொல்லாமக் கொள்ளாமப் போய்ப் பாரு. சொல்லிட்டுப் போனா, ஸ்டார்ட் ஆகத் திணறுறது தெரியாம இருக்க, விக்கிறவங்க எஞ்சினைச் சூடாக்கி வெச்சு ஏமாத்துவாங்க. மண் அள்ளுற முன்வாளியைத் தூக்கச் சொல்லி, வண்டியை அணைச்சிட்டு, நிதானமா ஒரு டீ குடி. அதுக்குள்ள வாளி தானா இறங்கினா வேண்டாம்.

நேத்து இங்க முதலாளிகிட்ட ஊருக்கு வர லீவு கேட்டேன். "உன்னை மாதிரி லோடர் ஓட்ட யாரு இருக்கா?"ன்னு சிரிச்சுட்டு, என் பாஸ்போர்ட்டை மறுபடி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டார். நல்லா ஓட்டினதுதான் வினையாப் போச்சு! சாப்பாட்டுக்குக் குறையில்ல, கவலைப்படாதே.

வேன் ஹார்ன் அடிக்குது, முடிச்சுக்கிறேன். வாங்குறதுக்கு முன்னாடி சீட்ல ஏறி உட்காரு. பெடல் உன் காலுக்கு எட்டுதான்னு பாரு. என் கால் அளவைப் பார்க்காதே.