அத்தை இல்லாத ஆல்ட்டோ வரிசை

என் பிரியமான அத்தைக்கு,

'பிரியமான' என்பதைப் பார்த்ததும், "உசுரோட இருந்தப்ப இந்த வார்த்தை எங்க போச்சு?" என்றுதான் கேட்பீர்கள். கேளுங்கள். நீங்கள் போய் ஏழு மாசமாகிறது. போன ஞாயிறு சாயங்காலம் நம் மாதா கோயிலில் பாடகர் குழுவின் கச்சேரி நடந்தது. அதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

காபிப் பழம் எடுக்கிற சீசன் என்றும் பார்க்காமல் மலையில் தள்ளியிருக்கும் தலைச்சோலை ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பல நூறு வருஷப் பழைய லத்தீன் பாட்டுகள், நடுநடுவே இப்போது எழுதிய தமிழ்ப் பாட்டுகள். ஆர்மோனியம்கூடக் கிடையாது, வெறும் குரல்தான். உங்களுக்கு லத்தீன்தான் பிடிக்கும். "தமிழ்ல பாடுனா அர்த்தம் புரிஞ்சு நொம்ப அழுகை வந்துருதுங்க ஃபாதர், லத்தீன்னா அந்தத் தொல்ல இல்லீங்க" என்று பங்குச்சாமியாரிடமே சொன்னவர் ஆயிற்றே.

நாம் இருவரும் ஒத்துப்போனது பாட்டில் மட்டும்தான், இல்லையா? வீட்டில் காபிக்குச் சிக்கரி போடலாமா கூடாதா என்று காலையில் தொடங்கும் சண்டை விளக்கணைக்கும் வரை ஓடும். உங்கள் மகன் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். இருபது வருஷத்தில் நமக்கு நடுவே ஒரு வார்த்தை பேசியதில்லை. நம் ஊர் வெள்ளக்கடையிலிருந்து பாட்டுப் பயிற்சிக்கு என் ஸ்கூட்டரில் வரும்போதுகூட நீங்கள் என் தோளைத் தொடாமல் பின்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வீர்கள்.

ஆனால் கோயிலில், பெண்களின் தணிந்த குரலுக்கான ஆல்ட்டோ வரிசையில் நின்றுவிட்டால்? கீழ் ஆல்ட்டோ பாட நாம் இருவர்தான். நீண்ட சுரம் வந்தால் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். உங்கள் முழங்கை என் விலாவில் இடிக்கும். நான் பிடித்திருக்கிறேன், நீ வாங்கிக்கொள் என்று அர்த்தம். ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை நீங்கள்.

புதிய திருப்பாடல் ஒன்றில் பின்பாதி முழுக்க நமக்கு ஒரே சுரம். மற்ற குரல்கள் எல்லாம் அதன்மேல்தான் ஏறி இறங்குகின்றன. அது அறுந்தால் பாட்டே சரிந்துவிடும். பாட்டு மாஸ்டர், "பக்கத்துல இன்னொருத்தர நிறுத்தலாங்களா? இல்லீன்னா அந்தப் பாட்ட எடுத்துரலாங்க" என்றார். உங்கள் இடத்தில் இன்னொருத்தியா? "நான் ஒருத்தியே பாடிருவனுங்க" என்று வீம்பு பேசிவிட்டேன். பயிற்சியில் சின்னச் சின்ன மூச்சாகத் திருடி எப்படியோ ஒப்பேற்றினேன்.

கச்சேரியன்று என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவள், நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே, சுரத்தைச் சாவகாசமாக விட்டுவிட்டு நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினேன். பாதி மூச்சில்தான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

சுரம் அறுந்திருக்க வேண்டும். அறுபடவில்லை அத்தை. பின்வரிசையில் ஆண்களின் அடிக்குரலான பேஸ் பாடும் உங்கள் மகன், தன் வரியை விட்டுவிட்டு நம் சுரத்தைப் பிடித்திருந்தார். நான் வந்து சேரும் வரை விடவில்லை. அடுத்த மூச்சுக்கும் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார்.

வெளியே வந்ததும், "ஏனுங்க, உங்க வரிய உட்டுப்போட்டு எதுக்குங்க இங்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் மூச்சு வாங்கறத இத்தன வருசமா பின்னால நின்னு கேட்டுட்டுத்தான இருக்கறேன். அம்மா பிடிக்கற நேரம் எனக்குத் தெரியாதா?" என்றார். உங்கள் அடக்கத்தன்றுகூட அழாத மனுஷன், கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெட்கமாகப் போயிற்று அத்தை. ஏழு மாசமாக என் பக்கத்து இடம் காலி, காலி என்றே புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் அம்மாவைப் பறிகொடுத்தவர் என்பதை ஒரு நாளாவது நினைத்தேனா? எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

இனி அவருக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் நான் பிடித்துக்கொள்கிறேன். விடமாட்டேன், அத்தை.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் மருமகள்