குளிர் வேலைக்கு ஒரு ஸ்வெட்டர்

மார்கழிப் பனியில் இட்லி மாவு பொங்கவில்லை. பாத்திரத்தைப் போர்த்த ஒரு துணி தேடி பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு உன் நீல ஸ்வெட்டர் கைக்கு வந்தது, தங்கச்சி.

தாம்பரம் மார்க்கெட்டில் நான் வாங்கிக் கொடுத்தது. உலகத்திலேயே ரொம்பக் குளிரான வாயுவைப் பற்றித்தான் உன் வேலை என்றதும், ஐந்தாவதோடு நின்ற எனக்கு வேறென்ன தோன்றும்? நீ அதை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாய். "அக்கா, என் ரூம்ல ஃபேனே ஒழுங்கா சுத்தாது. குளிர வைக்கிறவங்கல்லாம் வெளிநாட்டுல இருக்காங்க. நான் உக்காந்து கணக்குப் போடறவ." ஆனாலும் திருப்பித் தரவில்லை. கோவிலம்பாக்கத்து மே மாத வெயிலில் ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினாய். எதிர் வீட்டு அண்ணன், "இன்னாம்மா, ஜுரமா?" என்றார். "இல்லண்ணா, ஆபீஸ் யூனிஃபார்ம்" என்றாய்.

என்ன கணக்கு என்று கேட்டதற்குக் காபியைக் காட்டினாய். "சூடானது ஆவியா போயிடுது, மிச்சம் ஆறுது பாரு. அணுக்களையும் வெளிச்சத்தால கட்டின கிண்ணத்துல பிடிச்சு இப்படித்தான் ஆற வைப்பாங்க. அதுல சில அணு ஒண்ணை ஒண்ணு இழுக்கும். கொஞ்சமா இருந்தா தாங்கும். கூட்டம் சேந்தா மொத்தமும் உள்ள சரிஞ்சிடும். எவ்ளோ சேந்தா சரியும்னு முன்னாடியே சொல்றதுதான் என் கணக்கு."

நீ கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலும் அதே நினைப்பு. உன்னோடு வேலை செய்த சார் பார்க்க வந்தபோது, "வெளிநாட்டுல என் கணக்கைச் செஞ்சு பாத்தாங்களா?" என்றுதான் கேட்டாய். "தப்புன்னு வந்தாலும் மறைக்காதீங்க. நான் இல்லன்னா அக்காகிட்ட சொல்லுங்க. அவ எனக்குச் சொல்லிடுவா."

நேற்று அவர் போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசினார். "நேரா சொல்லுங்க சார். பூசி மெழுகினா அவளுக்குப் புடிக்காது" என்றேன்.

அதனால் நேராகவே சொல்கிறேன், கேள். நீ சொன்ன அளவுக்கு அணுக்கூட்டம் சேர்வதற்கு முன்பே சரிந்துவிட்டதாம். உன் கணக்கு பொருந்தவில்லை. ஏன் என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. நீ ஒவ்வொரு படியையும் ஒளிக்காமல் எழுதியிருப்பதால், அதை வைத்துக்கொண்டுதான் தேடுகிறார்களாம்.

நீ இருந்தால் அழுதிருக்க மாட்டாய். "அப்படியா? ஏன்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பாய். இட்லி கல்லாகிப் போனால் நான் அரிசிக் கடைக்காரரைத் திட்டுவேன். நீ மாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாய்.

இன்று நான் யாரையும் திட்டவில்லை. தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. உன் ஸ்வெட்டரைப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். பொங்கினாலும் பொங்காவிட்டாலும் உனக்குச் சொல்கிறேன்.