கரட்டுத் தடத்தில் ஏழு கல்

தம்பி,

உன் பேத்தி நேற்றுத் தன் சைக்கிளை என் வாசலில் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். தடித்தடி டயர், பல்லெல்லாம் நம் கரட்டுக் குன்றின் செம்மண். அந்த ஈர மண் வாசம் மூக்கில் ஏறியதுமே உன்மேல் இருக்கிற கோபம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"கரட்டுல சைக்கிள் உட்டா தடம் என்னத்துக்காகும் சாமி?" என்றேன்.

"டயர் ஒண்ணும் பண்ணாதுங்க ஆயா. மழைதான் அறுக்குது."

உன் வாய், அப்படியே.

எழுபத்தெட்டாம் வருஷம் நீயும் உன் கூட்டாளிகளும் கரட்டு உச்சியிலிருந்து சைக்கிளில் விறகுச் சுமை இறக்குவீர்கள். அந்தச் சரிவில் பிரேக் கட்டை பிடிக்காது. அதனால் கேரியரில் வேலங்கொப்பைக் கட்டி, தரையில் இழுபட விட்டு வருவீர்கள். நாளுக்குப் பத்து நடை. தடம் வாய்க்கால் மாதிரி முழங்கால் ஆழம் போனது. ஆவணியில் ஒரே ஒரு மழை. அடிவாரத்தில் நான் களையெடுத்து வைத்திருந்த கடலைக் காட்டில் பாதி, சரளைக்கு அடியில் போய்விட்டது.

உன் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டேன். கயிற்றுக் கட்டிலைவிட்டு எழக்கூட இல்லை நீ.

"உன்ற முப்பது ஆட்டுக் கொளம்பு கொத்தாததையா என்ற ரெண்டு வெரல் டயர் கொத்திப்போடுச்சு? போக்கா, போயி ஆட்டைக் கேளு."

உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

ஒரு மாதம் ஆடுகளைப் பட்டியைவிட்டு இறக்கவில்லை. தழை ஒடித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டேன். தடத்தில் ஓர் ஆட்டுக் குளம்பு படவில்லை. பள்ளம் மட்டும் இன்னும் இறங்கியது. அதை வந்து பார் என்று ஆள் விட்டேன். நீ வரவில்லை.

மறுநாள் காலையில் சரிவுக்கு நடுவில் கையை விரித்து நின்றேன். மேலே கொப்பு சரசரவென்று இழுபடுகிற சத்தம்.

"அக்கா, ஒத்து! ஒத்துக்கா! நிக்காது!"

நிற்கும் என்றுதான் நினைத்தேன். கொப்பு வேகத்தைக் குறைக்குமே தவிர வண்டியை நிறுத்தாது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு ஒதுங்கியிருப்பேனா, அது வேறு. நீ ஹேண்டிலை ஒடித்துப் பாறையில் போய் விழுந்தாய். வலது முழங்கை. கட்டுப்போட்டும் கோணலாகவே கூடியது.

ஊர் கேட்டபோது, "நானாத்தான் வுழுந்தேன்" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

தை மாதம் ஆடு ஓட்டிப் போனபோது உன்னைப் பார்த்தேன். இடக்கையால் கடப்பாரை போட்டு, தடத்துக்குக் குறுக்கே சாய்வாகக் கல் பதித்துக்கொண்டிருந்தாய், தண்ணீர் என் காட்டுக்கு வராமல் புதருக்குள் திரும்புகிற மாதிரி. ஏழு கல். புதர் மறைவில் நின்று பார்த்தேன். ஒரு கை பிடிக்க நான் வரவில்லை. அதன்பிறகு ஒரு மழைக்கும் சரளை இறங்கவில்லை. கல் இருக்கும் இடத்தில் நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனாய். "தப்பு என்மேலதான்" என்று மட்டும் நீ கண்ணை மூடுகிற வரைக்கும் உன் வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

மழை ஓய்ந்ததும் போய், அசைந்த கல்லை இன்னமும் நான்தான் குத்தி நிறுத்துகிறேன்.

"கல்லு வர்ற எடத்துல எறங்கித் தூக்கிட்டுப் போ. உன்ற தாத்தன் வெச்சது" என்று உன் பேத்தியிடம் சொன்னேன். சரியென்று தலையாட்டியவள், கை கழுவிக்கொண்டே கேட்டாள்:

"தாத்தாவுக்குக் கை எப்பிடிங்க ஆயா கோணுச்சு?"

"அவனாத்தான் வுழுந்தான்" என்றேன்.